சவ்வில் பதிந்த ஏற்பி உட்கருவுக்குள் எப்படிப் போகிறது?

கேட்கப்பட்ட கேள்வி இது: வளர்ச்சிக் காரணி ஏற்பிகள் செல்லின் மேற்பரப்பில், சவ்வுக்குள் பதிந்து நிற்பவை என்று பாடப்புத்தகம் சொல்கிறது. ஆனால் இஜிஎஃப்ஆர் (இஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணியின் ஏற்பி), அதன் உறவான ஹெர்2 போன்ற ஏற்பிகளை உட்கருவுக்குள்ளேயே கண்டதாகப் பல ஆய்வுக் கட்டுரைகள் சொல்கின்றன. போவது முழு ஏற்பியா, அதன் துண்டா? எந்த வழியாகப் போகிறது? இதை எந்த அளவுக்கு நம்பலாம்?

சுருக்கமாகச் சொன்னால், போகிறது. சில ஏற்பிகள் வெட்டுப்பட்டு, உட்பாதி மட்டும் போகிறது. வேறு சில முழுதாகவே போவதாகச் சான்றுகள் உண்டு. இந்தப் பயணத்தைப் பற்றிப் பேசும்போது பலரும் உட்கருத் துளையைக் கடப்பதைத்தான் பெரிய தடையாக நினைக்கிறார்கள். என் கணிப்பில் அது இந்தக் கதையின் சுலபமான பகுதி. சவ்வை விட்டு வெளியே வருவதுதான் உண்மையான சிக்கல். ஒவ்வொரு ஏற்பியும் அந்தச் சிக்கலை எப்படித் தீர்க்கிறது என்று பார்த்தால் மற்றதெல்லாம் தானாகவே வரிசைக்கு வந்துவிடும்.

முதலில் ஏற்பியின் உடலமைப்பைப் பார்ப்போம். இஜிஎஃப்ஆரின் அமினோ அமில வரிசை 1984-ல் வெளியானது. முதிர்ந்த புரதத்தில் 1186 அமினோ அமிலங்கள். அவற்றில் முதல் 621 செல்லுக்கு வெளியே நிற்கின்றன. வளர்ச்சிக் காரணி வந்து ஒட்டுவது அங்கேதான். அடுத்த 23 சவ்வை ஊடுருவும் பகுதி. மீதி 542 செல்லுக்குள்ளே இருக்கின்றன. டைரோசின் கைனேஸ் என்ற நொதிப் பகுதி, அதாவது புரதங்களின் டைரோசின்களில் பாஸ்பேட்டை ஏற்றும் பகுதி, அங்கே இருக்கிறது. சர்க்கரைச் சங்கிலிகளையும் சேர்த்தால் மொத்த எடை சுமார் 170 கிலோடால்டன்.

வழக்கமான பாடம் இப்படிப் போகும். வளர்ச்சிக் காரணி வெளியே ஒட்டியதும் இரண்டு ஏற்பிகள் இணைகின்றன. உள்ளே இருக்கும் கைனேஸ்கள் ஒன்றன் வாலில் மற்றொன்று பாஸ்பேட்டை ஏற்றுகின்றன. அந்த பாஸ்பேட்டைப் பிடித்துக்கொள்ளும் புரதங்கள் வழியாக ராஸ், ராஃப், மெக், எர்க் என்று செய்தி கைமாறி, கடைசியில் எர்க் உட்கருவுக்குள் போய் மரபணுக்களை இயக்குகிறது. ஏற்பி வாசலிலேயே நின்றுவிடுகிறது. செய்தி மட்டும்தான் உள்ளே போகிறது. இந்தப் பாடத்தில் தவறேதும் இல்லை. ஏற்பி அனுப்பும் சமிக்ஞையின் பெரும்பகுதி இப்படித்தான் போகிறது. நாம் பேசப்போவது இதற்குப் பக்கத்தில் ஓடும் இன்னொரு சிறிய பாதையைப் பற்றி.

சிறியது என்பதால் அலட்சியப்படுத்த வேண்டியதில்லை. ஒரு சாதாரணச் செல்லில் சில பத்தாயிரம் முதல் ஒன்றிரண்டு லட்சம் வரை இஜிஎஃப்ஆர் மூலக்கூறுகள் இருக்கும். ஆய்வகங்களில் அதிகம் பயன்படும் ஏ431 என்ற புற்றுநோய்ச் செல்லில் இருபது லட்சத்துக்கும் மேல் இருக்கும். அதில் நூற்றில் ஒன்று மட்டும் உட்கருவுக்குள் போனால்கூட இருபதாயிரம் மூலக்கூறுகள். ஒரு மரபணுவை இயக்கும் புரதத்துக்கு அது தாராளமான எண்ணிக்கை.

இனி பயணம். வளர்ச்சிக் காரணி ஒட்டிய ஏற்பிகள் சவ்வில் கிளாத்ரின் என்ற புரதம் பூசிய குழிகளுக்குள் திரள்கின்றன. குழி ஆழமாகி, டைனமின் என்ற புரதம் அதன் கழுத்தை நெரித்து அறுக்க, ஒரு சிறு பை செல்லுக்குள் விழுகிறது. அது ஆரம்ப எண்டோசோம் என்ற தரம்பிரிக்கும் பையில் போய்ச் சேர்கிறது. அங்கிருந்து பெரும்பாலான ஏற்பிகளுக்கு இரண்டே வழிகள்: திரும்ப மேற்பரப்புக்குப் போவது, அல்லது யுபிக்விடின் என்ற சிறு புரதத்தால் முத்திரை குத்தப்பட்டு, செல்லின் குப்பைத்தொட்டியான லைசோசோமில் சிதைவது. செல் தன் சமிக்ஞையை அடக்கிவைப்பது இந்த இரண்டாவது வழியால்தான்.

ஒரு சிறு பங்கு மூன்றாவது வழியில் திரும்புகிறது. எண்டோசோமிலிருந்து, புரதங்களைப் பிரித்தனுப்பும் கோல்கைக்கும், கோல்கையிலிருந்து, சவ்வுப் புரதங்கள் உருவாகும் எண்டோபிளாச வலைக்கும், அதாவது புரதம் பிறந்து வந்த பாதையிலேயே எதிர்த்திசையில். இது புதுமையான பாதை கிடையாது. காலரா நச்சும் ஆமணக்கு விதையிலுள்ள ரைசினும் செல்லுக்குள் இதே வழியாகத்தான் போகின்றன. இஜிஎஃப்ஆரும் காப்-1 என்ற உறை பூசிய பைகளில் ஏறி கோல்கையிலிருந்து எண்டோபிளாச வலைக்குத் திரும்புகிறது என்று டெக்சஸின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் மியென்-சி ஹங்கின் குழு 2010-ல் காட்டியது.

இங்கே ஒரு விஷயத்தை மனத்தில் தெளிவாக வரைந்துகொள்ள வேண்டும். இத்தனை பயணத்திலும் ஏற்பி சவ்வை விட்டு இறங்கவே இல்லை. மேற்பரப்பில் வெளியே நீட்டியிருந்த பகுதி இப்போது பையின் உட்புறம் நோக்கியிருக்கிறது. கைனேஸ் பகுதி எப்போதும்போல் சைட்டோசால் (செல்லுக்குள் நிறைந்திருக்கும் நீர்மம்) பக்கம் இருக்கிறது. நடுவிலுள்ள 23 அமினோ அமிலங்களும் கொழுப்பு விரும்பிகள். தண்ணீர் நிறைந்த சைட்டோசாலில் அவை தனியே நிற்க முடியாது; நின்றால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். அப்படியானால் உட்கருவின் நடுவில், சவ்வே இல்லாத இடத்தில், டிஎன்ஏவுக்குப் பக்கத்தில் அந்த ஏற்பி எப்படி நிற்கிறது?

இதற்கு மிகச் சுத்தமான தீர்வு, இஜிஎஃப்ஆர் குடும்பத்தைச் சேர்ந்த ஹெர்4 ஏற்பியுடையது. அது வெட்டுப்பட்டுவிடுகிறது. அதன் வளர்ச்சிக் காரணியான நியூரெகுலின் ஒட்டியதும் ஏடாம்17 என்ற கத்தரிப்பு நொதி சவ்வுக்குச் சற்று வெளியே ஏற்பியை வெட்டி, வெளிப்பகுதியைச் செல்லுக்கு வெளியே உதிர்த்துவிடுகிறது. சவ்வில் எஞ்சுவது சுமார் 80 கிலோடால்டன் துண்டு. அடுத்து காமா-செக்ரட்டேஸ் வருகிறது. இது சவ்வின் நடுவிலேயே வெட்டக்கூடிய அபூர்வமான நொதி. சவ்வை ஊடுருவும் பகுதியை அது அறுத்ததும் கைனேஸ் அடங்கிய உட்பாதி சைட்டோசாலில் விடுதலையாகிறது. அங்கிருந்து உட்கருவுக்குப் போகிறது. கிரஹாம் கார்ப்பென்டரின் குழு இதை 2001-ல் வெளியிட்டது. செல் வளர்ச்சியில் பேர்போன நாட்ச் என்ற வேறொரு ஏற்பியும் இதே இரட்டை வெட்டில்தான் உட்கருவை அடைகிறது. நாட்ச் பற்றி யாரும் சந்தேகம் கிளப்புவதில்லை என்பதால், ஹெர்4 கதையையும் உயிரியலாளர்கள் பெரிய தயக்கமின்றி ஏற்றுக்கொண்டார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் ஒன்று உண்டு. ஹெர்4 ஒரே மரபணுவிலிருந்து சில வடிவங்களில் உருவாகிறது. சவ்வை ஒட்டிய வெளிப்பகுதியில் வேறுபடும் இரு வடிவங்களில் ஒன்றை மட்டுமே ஏடாம்17 வெட்ட முடியும். மற்றது வெட்டுப்படுவதில்லை, எனவே இந்த வழியில் உட்கருவுக்குப் போக முடியாது. அதாவது இந்தப் பயணத்துக்கான அனுமதி, மரபணுவின் செய்தி ஒட்டிச் சேர்க்கப்படும் கட்டத்திலேயே முடிவாகிவிடுகிறது. மூளை வளர்ச்சியின்போது நரம்புத் தாய்ச்செல்களில் இந்த வெட்டுத்துண்டு டாப்2, என்-கோர் என்ற புரதங்களோடு சேர்ந்து உட்கருவுக்குள் போய், ஆஸ்ட்ரோசைட்டுகள் என்ற மூளைத் துணைச்செல்களுக்கான மரபணுக்களை உரிய நேரம் வரும்வரை அடக்கிவைக்கிறது என்று 2006-ல் காட்டப்பட்டது. பால் சுரப்பிச் செல்களில் அதே துண்டு ஸ்டாட்5ஏ என்ற மரபணு இயக்கும் புரதத்தோடு சேர்ந்து பால் புரத மரபணுவை இயக்க உதவுகிறது. முதலில் அடக்கியது, இங்கே இயக்கியது. கூட வரும் புரதத்தைப் பொறுத்து அதன் வேலையும் மாறுகிறது.

எஃப்ஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணிகளின் ஏற்பியான எஃப்ஜிஎஃப்ஆர்1-இன் வழி இன்னொன்று. அதன் சவ்வு ஊடுருவும் பகுதி மற்ற ஏற்பிகளைப்போல் இறுகப் பதிவதில்லை. அதன் அமைப்பே வழக்கத்துக்கு மாறானது. அதனால் புதிதாக உருவான ஏற்பிகளில் ஒரு பங்கு, எண்டோபிளாச வலைக்கும் கோல்கைக்கும் இடையிலான கட்டத்திலேயே சவ்வை விட்டு நழுவிச் சைட்டோசாலுக்கு வந்துவிடுகிறது என்பது மைக்கல் ஸ்டாஹோவியக்கின் குழு முன்வைத்த விளக்கம். மேற்பரப்புக்கே போகாத ஏற்பி நேராக உட்கருவுக்குப் போகிறது என்றால், அங்கே அது வெளியிலிருந்து வந்த ஒற்றைச் செய்தியைச் சுமக்கும் தூதராக இருக்க வேண்டிய அவசியமில்லை. செல்லுக்குள் வரும் பல சமிக்ஞைகளை ஒன்று சேர்க்கும் புள்ளியாக இருக்கலாம் என்பதே அவர்கள் வாதம். மறுபக்கம், பமேலா மாஹரின் ஆய்வுகள் எஃப்ஜிஎஃப்-2 சேர்த்ததும் மேற்பரப்பு ஏற்பியே உட்கரு நோக்கி நகர்வதை 1996-ல் காட்டின. புரதங்களை உட்கருத் துளை வழியே அழைத்துச்செல்லும் இம்போர்ட்டின் பீட்டா அதற்குத் தேவை என்று 2001-ல் காட்டப்பட்டது. இரண்டையும் ஒன்றுக்கொன்று எதிரானவையாக நான் பார்ப்பதில்லை. செல் வகையையும் சூழலையும் பொறுத்து இரண்டு வாசல்களும் திறக்கக்கூடும்.

இப்போது கடினமான பகுதிக்கு வருவோம். இஜிஎஃப்ஆர் வெட்டுப்படாமல், 170 கிலோடால்டன் முழு உருவில் உட்கருவில் இருப்பதாகக் கட்டுரைகள் சொல்கின்றன. இதன் விளக்கத்தில் முக்கியமான படியை எடுத்துவைத்ததும் கார்ப்பென்டரின் ஆய்வகம்தான். 2007-ல் லியாவோவும் அவரும் காட்டியது இது: இஜிஎஃப் சேர்த்ததும் மேற்பரப்பு ஏற்பி எண்டோபிளாச வலைக்கு வருகிறது; அங்கே செக்61 என்ற கால்வாய்ப் புரதத்தோடு சேர்கிறது; அதன் வழியாகச் சைட்டோசாலுக்கு இழுக்கப்படுகிறது. அந்தக் கால்வாயின் ஓர் அங்கமான செக்61 பீட்டாவின் அளவைக் குறைத்தால் ஏற்பி உட்கருவில் தென்படவில்லை. செல் பிரிவை முன்தள்ளும் சைக்ளின் டி மரபணுவும் தூண்டப்படவில்லை.

செக்61-இன் அன்றாட வேலை நேர்எதிரானது. புதிதாக உருவாகும் புரதங்களை எண்டோபிளாச வலைக்குள் செலுத்துவதும், சவ்வுப் புரதங்களைச் சவ்வுக்குள் பதிப்பதும்தான் அதன் பணி. ஆனால் தவறாக மடிந்த புரதங்களைச் சிதைப்பதற்காகச் செல் அவற்றை எண்டோபிளாச வலையிலிருந்து வெளியே இழுக்கும் ஏற்பாடும் உண்டு. சவ்வுப் புரதங்களைக்கூட அந்த ஏற்பாடு பிடுங்கி எடுக்கும். இஜிஎஃப்ஆர் அந்த வெளியேற்றப் பாதையைப் பயன்படுத்திக்கொண்டு, சிதைவுக்குத் தப்பி, ஹெச்எஸ்பி70 போன்ற துணைப் புரதங்களின் பிடியில் கட்டியாகாமல் உட்கருவை நோக்கிப் போகிறது என்பதே இந்த விளக்கம்.

இங்கேதான் ஒரு நேர்மையான வாசகர் நிறுத்திக் கேட்க வேண்டும். இஜிஎஃப்ஆரின் வெளிப்பகுதியில் மடிப்பை இறுக்கிப் பிடிக்கும் டைசல்பைடு பிணைப்புகள் இருபதுக்கும் மேல் உண்டு. மேலே கனமான சர்க்கரைச் சங்கிலிகள் உண்டு. குறுகிய கால்வாய் வழியே இழுக்க வேண்டுமென்றால் மடிப்பைக் கலைக்க வேண்டும், பிணைப்புகளை விடுவிக்க வேண்டும். பிறகு சைட்டோசாலில் கைனேஸ் மீண்டும் வேலை செய்யும் நிலைக்கு வர வேண்டும். செல்லால் இது முடியாதது என்று சொல்ல மாட்டேன். ரைசினும் காலரா நச்சும் அவிழ்ந்து வெளியேறி, மறுபடி மடிந்து வேலை செய்யத்தான் செய்கின்றன. ஆனால் அவற்றில் வெளியேறும் துண்டு சிறியது. இஜிஎஃப்ஆரின் வெளிப்பகுதி மட்டுமே 621 அமினோ அமிலங்கள். இந்தத் துறையின் கட்டுரைகளைப் படிக்கும்போது உங்கள் சந்தேகத்தை முழுக்கச் செலவிட வேண்டிய இடம் இதுவே.

ஹங்கின் குழு இந்த விளக்கத்துக்கு ஒரு மாற்றையும் முன்வைத்தது. எண்டோபிளாச வலையின் சவ்வும் உட்கருவின் வெளிச்சவ்வும் ஒரே தொடர்ச்சி. வெளிச்சவ்வு துளைகளின் விளிம்பில் வளைந்து உட்சவ்வாகத் தொடர்கிறது. ஆகவே ஏற்பி சவ்வை விட்டு இறங்காமலே, இம்போர்ட்டின் பீட்டாவின் துணையோடு துளையின் ஓரமாக நகர்ந்து உட்சவ்வுக்கு வந்துவிடலாம். உட்சவ்வில் செக்61 பீட்டா இருப்பதையும் அவர்கள் காட்டினார்கள். அங்கிருந்து உட்கருவின் உட்புறத்துக்கு ஏற்பி விடுவிக்கப்படுகிறது என்கிறார்கள். இந்தப் பாதைக்கு அவர்கள் வைத்த சுருக்கப்பெயர் 'இன்டர்நெட்'. இதன் பலம், நீர்ச்சூழலில் நெடுந்தூரம் பயணிக்க வேண்டிய தேவையை நீக்கிவிடுவது. பிடுங்கி எடுக்கும் சிக்கல் மட்டும் தீரவில்லை. இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே.

2015-ல் சிங்கப்பூரிலிருந்து வந்த ஆய்வு இன்னொரு குறுக்குவழியைக் காட்டியது. சில எண்டோசோம்கள் கோல்கைக்குப் போகாமல் நேராக உட்கரு உறையில் வந்து ஒட்டி, தம் சரக்கை அங்கேயே சேர்க்கின்றன. உட்கரு உறையிலுள்ள சன்1, சன்2 புரதங்களும் செக்61-உம் இதற்குத் தேவை. முதலில் சூடோமோனாஸ் பாக்டீரியாவின் ஒரு நச்சைப் பின்தொடர்ந்துதான் இதைக் கண்டார்கள். இஜிஎஃப்ஆரும் அதே பைகளில் இருந்தது.

சவ்வுச் சிக்கலைத் தாண்டிய பின் துளை. சுமார் 40 கிலோடால்டனுக்கு மேற்பட்ட புரதங்கள் உட்கருத் துளை வழியே தானாகப் பரவ முடியாது. அனுமதிச்சீட்டாக உட்கருவுக்கான முகவரி வரிசை வேண்டும். இஜிஎஃப்ஆரில் அது சவ்வுக்கு அடுத்தே, உட்புறம், 645 முதல் 657 வரையிலான இடங்களில் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் படித்துப் பாருங்கள்: ஆர்ஜினைன், ஆர்ஜினைன், ஆர்ஜினைன், ஹிஸ்டிடின், ஐசோலியூசின், வேலைன், ஆர்ஜினைன், லைசின், ஆர்ஜினைன், திரியோனைன், லியூசின், ஆர்ஜினைன், ஆர்ஜினைன். மூன்று திரள்களாக நேர்மின்னூட்டம். இம்போர்ட்டின் பீட்டா இதைப் பிடித்துக்கொண்டு துளைக்குள் அழைத்துப்போகிறது. உள்ளே ரான்-ஜிடிபி (Ran-GTP) என்ற புரதம் வந்து சரக்கை விடுவிக்கிறது.

இந்தப் பதின்மூன்றைக் கண்டதும் முகவரி கிடைத்துவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது. சவ்வை ஒருமுறை மட்டும் ஊடுருவும் பல புரதங்களுக்குச் சவ்வின் உட்புற ஓரத்தில் நேர்மின்னூட்டத் திரள் இருப்பது இயல்பு. சவ்வில் எந்தப் பக்கம் உள்ளே இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதில் அதற்குப் பங்கு உண்டு. அதே திரள் சவ்வின் எதிர்மின்னூட்டக் கொழுப்புகளோடும் ஒட்டிக்கிடக்கிறது. ஆகவே வரிசையைப் பார்த்து மட்டும் எதையும் நிரூபிக்க முடியாது. சோதனை வேண்டும், அது செய்யப்பட்டது: இந்தத் துண்டை வேறொரு புரதத்தோடு ஒட்டினால் அந்தப் புரதம் உட்கருவுக்குள் போகிறது, ஏற்பியில் இந்த ஆர்ஜினைன்களை மாற்றினால் உட்கருவுக்குள் போவது குறைகிறது. இதே வரிசையின் நடுவே, 654-வது இடத்தில் இருக்கும் திரியோனைனில் புரோட்டீன் கைனேஸ் சி பாஸ்பேட்டை ஏற்றுகிறது. அந்த ஏற்றமும் உட்கருப் பயணத்தோடு தொடர்புபடுத்தப்பட்டிருக்கிறது. ஒரே பதின்மூன்று அமினோ அமிலங்களில் இத்தனை பொறுப்புகள்.

இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணியான ஐஜிஎஃப்-1-இன் ஏற்பி வேறொரு அனுமதிச்சீட்டைக் காட்டுகிறது. அதன் பீட்டா சங்கிலியில் மூன்று லைசின்களில் சுமோ என்ற சிறு புரதம் பிணைக்கப்படுகிறது. அந்த மூன்றையும் மாற்றினால் ஏற்பி உட்கருவில் சேர்வது வெகுவாகக் குறைகிறது. மேற்பரப்பில் அதன் வழக்கமான சமிக்ஞை தொடர்கிறது. 2010-ல் வந்த இந்த ஆய்வை நான் உயர்வாக மதிப்பதற்குக் காரணம் பின்னால் சொல்கிறேன்.

உள்ளே போய் என்ன செய்கிறது? 1991-லேயே கல்லீரல் செல்களின் உட்கருவில் இஜிஎஃப்ஆர் பதிவாகியிருந்தது. ஆனால் கவனம் திரும்பியது 2001-ல், ஹங்கின் குழு அது சைக்ளின் டி1 மரபணுவின் முன்பகுதியில், ஏ, டி என்ற டிஎன்ஏ எழுத்துகள் மிகுந்த ஒரு வரிசையோடு சேர்கிறது என்று சொன்னபோதுதான். இஜிஎஃப்ஆரில் டிஎன்ஏவைப் பிடிக்கும் பகுதி எதுவும் இல்லை. ஆர்என்ஏ ஹெலிகேஸ் ஏ என்ற புரதம்தான் அதை அந்த இடத்தில் நிறுத்துகிறது என்று 2010-ல் விளக்கினார்கள். ஸ்டாட்3-ஓடு சேர்ந்து நைட்ரிக் ஆக்சைடு உருவாக்கும் நொதியின் மரபணுவையும், ஈ2எஃப்1-ஓடு சேர்ந்து பி-மைப் மரபணுவையும், ஸ்டாட்5-ஓடு சேர்ந்து அரோரா ஏ மரபணுவையும் அது தூண்டுவதாகக் கண்டார்கள். டிஎன்ஏவைப் பிடிக்கத் தெரியாத புரதம், பிடிக்கத் தெரிந்தவர்களோடு சேர்ந்து வேலை செய்கிறது.

மரபணு இயக்கத்தைவிட எனக்கு உறுதியாகத் தோன்றுவது அதன் கைனேஸ் வேலை. ஏனெனில் அதுதான் அந்த ஏற்பியின் இயற்கையான தொழில். டிஎன்ஏ நகலெடுக்கும்போது இழையைச் சுற்றி வளையமாக நிற்கும் பிசிஎன்ஏ புரதத்தின் 211-வது டைரோசினில் உட்கரு இஜிஎஃப்ஆர் பாஸ்பேட்டை ஏற்றுகிறது. அதனால் குரோமாட்டினில் (டிஎன்ஏவும் அதைச் சுற்றிய புரதங்களும் சேர்ந்த தொகுதி) இருக்கும் பிசிஎன்ஏ சிதையாமல் நிலைக்கிறது என்று 2006-ல் காட்டப்பட்டது. கதிர்வீச்சுக்குப் பிறகு இஜிஎஃப்ஆர் உட்கருவுக்குள் போய், அறுந்த டிஎன்ஏவைச் சேர்க்கும் டிஎன்ஏ-பிகே நொதியோடு சேர்கிறது என்று ஜெர்மனியில் டிட்மன், ரோடமன் ஆகியோரின் குழு 2005-ல் கண்டது.

புற்றுநோய் மருத்துவர்கள் இதில் அக்கறை காட்டக் காரணம் இதுதான். கதிர்வீச்சின் நோக்கம் டிஎன்ஏவை அறுப்பது. பழுதுபார்க்கும் கை உட்கருவுக்குள் ஓடிவந்தால் சிகிச்சை பலன் குறையும். அந்த ஜெர்மன் ஆய்வில், ஏற்பியின் வெளிப்பகுதியைப் பிடிக்கும் செடுக்சிமாப் என்ற ஆன்டிபாடி மருந்து கதிர்வீச்சு தூண்டிய இந்த உட்கருப் பயணத்தைத் தடுத்தது. ஆனால் விஸ்கான்சினில் வீலரின் குழு 2009-ல் கண்டது வேறு. செடுக்சிமாபுக்கு எதிர்ப்புத்திறன் பெற்றுவிட்ட நுரையீரல் புற்றுநோய்ச் செல்களில் உட்கரு இஜிஎஃப்ஆர் அதிகமாக இருந்தது. ஸார்க் (Src) குடும்ப கைனேஸ்களை அடக்கும் டசாடினிப் என்ற மருந்தைக் கொடுத்தபோது அது குறைந்தது. செடுக்சிமாப் மீண்டும் வேலை செய்தது. செல்லுக்கு வெளியே பிடிக்கும் ஆன்டிபாடி, உட்கருவுக்குள் போய்விட்ட ஏற்பியைத் தொட முடியாது என்பதை நினைத்தால் இந்த முடிவு பொருந்துகிறது. மார்பகம், வாய்த்தொண்டை, சினைப்பை ஆகியவற்றின் புற்றுநோய்களில் உட்கரு இஜிஎஃப்ஆர் அதிகமுள்ள நோயாளிகளின் வாய்ப்பு மோசமாக இருந்ததாகவும் ஆய்வுகள் உண்டு. இவை தொடர்பைக் காட்டுகின்றன. உட்கருவில் இருந்ததால்தான் நோய் முற்றியதா, அல்லது முற்றிய நோயில் ஏற்பியே அதிகமாக இருந்து அதில் ஒரு பங்கு உட்கருவிலும் தென்பட்டதா என்பதை அவற்றை வைத்து மட்டும் பிரிக்க முடியாது.

இனி, நம்பலாமா என்ற கடைசிக் கேள்வி. இதற்கு ஆய்வக மேசைக்கே போய்விடுவோம். ஒளிர்வு நுண்ணோக்கிப் படம் ஒன்றைப் பாருங்கள். உட்கரு நீலம், ஏற்பி பச்சை. நீலத்தின் மேல் பச்சைப் புள்ளிகள் தெரிகின்றன. உட்கருவில் ஏற்பி என்று சொல்லத் தோன்றும். ஆனால் தட்டில் ஒட்டி வளரும் செல்லில் உட்கருவுக்கு மேலேயும் கீழேயும் செல் சவ்வு இருக்கிறது. இடையில் எண்டோசோம்கள் இருக்கின்றன. கன்ஃபோகல் நுண்ணோக்கியில் மெல்லிய தளங்களாக எடுத்து, செல்லைப் பக்கவாட்டில் வெட்டிப் பார்த்ததுபோன்ற படத்தையும் காட்டினால் ஒழிய அந்தப் பச்சைக்கு அர்த்தம் இல்லை. ஆன்டிபாடி வேறெதையாவது பிடிக்கிறதா என்பது அடுத்த கேள்வி. ஏற்பியின் மரபணுவை நீக்கிய செல்லில் அதே ஆன்டிபாடி உட்கருவில் எதையும் காட்டக்கூடாது. இந்தக் கட்டுப்பாடு இல்லாத படத்தை நான் சான்றாக எடுப்பதில்லை.

செல்லை உடைத்து உட்கருக்களைத் தனியே பிரித்து, ஆன்டிபாடியால் புரதத்தைக் கண்டறியும் மேற்கு ஒற்றல் (வெஸ்டர்ன் பிளாட்) செய்வதிலும் இதே எச்சரிக்கை வேண்டும். உட்கருப் பகுதியில் உட்கருவின் புரதமான லேமின் இருக்கிறது, சைட்டோசாலின் புரதமான ட்யூபுலின் இல்லை என்று காட்டுவது வழக்கம். அது போதாது. உட்கருவின் வெளிச்சவ்வு எண்டோபிளாச வலையின் தொடர்ச்சி என்று மேலே பார்த்தோம். உட்கருவைப் பிரித்தால் அதுவும் ஒட்டிக்கொண்டே வரும். ஆகவே கால்னெக்சின் போன்ற எண்டோபிளாச வலைப் புரதம் அந்தப் பகுதியில் இல்லை என்றும் காட்ட வேண்டும். மேற்பரப்பிலிருந்து வந்த ஏற்பிதானா என்று அறிய நல்ல முறை ஒன்று இருக்கிறது. செல்களைப் பனிக்கட்டி மேல் வைத்தால் சவ்வுப் போக்குவரத்து நின்றுவிடும். அந்த நிலையில் மேற்பரப்புப் புரதங்களுக்கு மட்டும் பயோட்டின் என்ற சிறு மூலக்கூறை அடையாளமாகப் பூசுங்கள். பிறகு 37 டிகிரிக்குக் கொண்டுவந்து இஜிஎஃப் சேருங்கள். குறித்த நேரத்துக்குப் பின் உட்கருக்களைப் பிரித்து, பயோட்டினை இறுகப் பற்றும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதத்தால் அதைப் பிடித்து இழுங்கள். அதில் ஏற்பி இருந்தால் அது வாசலிலிருந்து வந்ததுதான்.

ஆனால் உட்கருவில் ஏற்பி இருக்கிறது என்பதும், அது அங்கே வேலை செய்கிறது என்பதும் இரண்டு தனிக் கூற்றுகள். வளர்ச்சிக் காரணி சேர்த்ததும் சைக்ளின் டி1 உயர்ந்தால், அது எர்க் வழியாக வந்ததா, உட்கரு ஏற்பியால் வந்ததா? கைனேஸைத் தடுத்தால் இரண்டுமே நின்றுவிடும். அதனால் பிரித்தறிய முடியாது. ஐஜிஎஃப்-1 ஏற்பி ஆய்வை மதிக்கிறேன் என்று சொன்னதன் காரணம் இங்கேதான். மேற்பரப்பு வேலையைக் கெடுக்காமல் உட்கருப் பயணத்தை மட்டும் நிறுத்தும் திரிபு அவர்கள் கையில் இருந்தது.

நீங்கள் ஒரு புதிய ஏற்பியோடு இதைத் தொடங்குவதாக இருந்தால் முதலில் அப்படிப்பட்ட திரிபைத் தேடுங்கள். சொந்த ஏற்பி நீக்கப்பட்ட செல்லில், அதை இயல்பான அளவில் மட்டும் வெளிப்படுத்துங்கள். ஏ431-இன் அளவுக்கு நிரப்பினால் எந்தப் புரதமும் எங்கும் கசியும். வளர்ச்சிக் காரணி சேர்த்த பின் எர்க்கில் பாஸ்பேட் ஏறுவது இயல்பான ஏற்பிக்கும் திரிபுக்கும் ஒரே அளவில், ஒரே வேகத்தில் இருக்கிறதா என்று முதலில் உறுதிசெய்யுங்கள். அது சமமாக இருந்து, உங்கள் மரபணு மட்டும் திரிபில் அசையவில்லை என்றால், அடுத்து அதே திரிபுக்கு வேறொரு புரதத்தின் உட்கரு முகவரியை ஒட்டிப் பாருங்கள். மரபணு மீண்டும் இயங்கினால் அந்த வேலை உட்கருவில்தான் நடக்கிறது என்று தைரியமாக எழுதலாம்.